சிறுவர் உள்ளம் பேணிய விபுலானந்த அடிகளார்

முத்தமிழ் வித்தகர் என்று தமிழுலகம் ஏத்தும் சுவாமி விபுலானந்த அடிகளாரை அறியாதார் நம்முள் இலர். யாழ்நூல் இயற்றிய இசையறிஞர், இரண்டு பல்கலைக்கழகங்களில் முதற் றமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்த பெரும் புலவர், காவியுடுத்த துறவி என்னும் மூன்று வடிவங்களில் அடிகளாரை நாம் மேடைதோறும் வணங்கி வருகின்றோம். ஆயின், அவர்தம் வாழ்க்கையில் நான்காவது வடிவமும் ஒன்றுண்டு. அது, தாய் தந்தையரை இழந்த சிறுவர்க்கும் ஊரால் ஒதுக்கப்பட்ட சிறுவர்க்கும் ஆசானாய் அமர்ந்த வடிவம். விழா மேடைகளில் அவ்வடிவம் அதிகம் பேசப்படுவதில்லை. நம் கல்லூரியின் இவ்விழா மலரிலே அதனைச் சிறிது எடுத்துரைப்பதே எமது நோக்கமாகும்.

இந்துக் கல்லூரியொன்றின் பழைய மாணவர் மலரில் அடிகளாரைப் பற்றி எழுதுதல் மிகப் பொருத்தமானதே. மானிப்பாய் இந்துக் கல்லூரியும் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவரைத் தம் அதிபராகப் பெற்ற பேறுடையன. எனினும், யாம் இப்பொருளைத் தெரிந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. யாம் தொழில் புரியும் செட்டிகுளத்து வகுப்பறைகள் எமக்கு ஒரு வினாவை விடுத்தன. அதற்குரிய விடையை, ஆசிரிய கலாசாலையிலே யாம் எழுதிக்கொண்ட குறிப்பேடுகளைக் காட்டிலும், அடிகளாரின் வாழ்க்கையே எமக்குத் தெளிவாகக் காட்டியது. அவ்வினாவைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் அவர் வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஈழ நாட்டின் கிழக்குக் கரையிலே, வயலும் கடலும் அணிசெய்யும் காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பி என்பார்க்கும் கண்ணம்மை அம்மையார்க்கும் மகனாக 1892ஆம் ஆண்டு அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. ஊரிலே ஏடு தொடங்கிய அவர், கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். தாம் கற்ற அக்கல்லூரியிலேயே இளமையில் ஆசிரியராகவும் அமர்ந்தார். 1911ஆம் ஆண்டிலே கொழும்பு ஆங்கில ஆசிரிய கலாசாலை புகுந்து, இரண்டாண்டு பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார்.

இச்செய்தியைப் பலர் ஒரு வரியிலே சொல்லிக் கடந்து விடுவர். எம் போன்ற ஆசிரியர்க்கோ இதுவே பெருமை தரும் செய்தி. பண்டிதர் ஆவதற்கு முன்னும், விஞ்ஞானப் பட்டதாரி ஆவதற்கு முன்னும், துறவி ஆவதற்கு முன்னும் அவர் பயிற்றப்பட்ட ஆசிரியர். பிள்ளைகளின் முன்னே நிற்றல் ஒரு கலை என்பதும், அக்கலையைப் பழகித்தான் பெறவேண்டும் என்பதும் அவர் வாழ்க்கையின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டன.

அதன்பின் அவர் பெற்ற பட்டங்கள் பல. 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்விலே சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அத்தேர்விலே சித்தியடைந்தவருள் முதல்வர் அவரே. கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்து, 1920ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை நாடி வந்தது. முப்பது வயதை எட்டாத ஒருவருக்கு அக்காலத்தில் இதனினும் உயர்ந்த வாழ்வு வேறென்ன வேண்டும்? பொருளும் புகழும் அவர் வாயிலிலே காத்து நின்றன.

துறவும் தொண்டும்

அவற்றை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, 1922ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பிரபோத சைதன்னியர் என்னும் பிரமசாரிப் பெயர் பூண்டு, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் இதழ்களின் ஆசிரியப் பணியை ஆற்றினார். 1924ஆம் ஆண்டு, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடருள் ஒருவராகிய சுவாமி சிவானந்தரிடம் ஞானோபதேசம் பெற்று, சுவாமி விபுலானந்தர் ஆயினார். அடுத்த ஆண்டிலே ஈழம் மீண்டார்.

துறவு என்றால் மக்களை விட்டு விலகுதல் என்றே பலர் எண்ணுவர். அடிகளாரோ துறவு பூண்ட பின்னரே மக்களிடையே மிகுதியாக நுழைந்தார். சுவாமி விவேகானந்தரின் கர்மயோகத்தையும் ஞானயோகத்தையும் தமிழிலே பெயர்த்துத் தந்த அவர், அந்நூல்களின் பொருளைத் தம் கால்களாலும் கைகளாலும் எழுதிக் காட்டினார். இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் கண்காணித்து வளர்த்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் அவர் கைபட்டுத் தழைத்தன. 1929ஆம் ஆண்டு மட்டக்களப்பு வாவியின் கரையிலே, கல்லடி உப்போடை என்னும் இடத்தில், தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார்.

அவ்வித்தியாலயத்தின் அருகே அவர் வளர்த்த மாணவர் இல்லமே இக்கட்டுரையின் நடுநாயகமாகும். தாய் தந்தையரை இழந்தோர், ஆதரவற்றோர், வறிய குடியிற் பிறந்தோர் ஆகிய சிறுவர்களைக் குலம் பாராது ஏற்று, உணவும் உடையும் உறையுளும் கல்வியும் அளித்தது அவ்வில்லம். அக்காலச் சமுதாயத்தின் நிலையை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் பிறவிடங்களிலும், ஒரே வகுப்பிலே சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் அமர்த்தப்பட்ட காலம் அது. சமபந்தி என்னும் சொல்லே கலகச் சொல்லாகக் கருதப்பட்ட காலம். அத்தகைய நாளிலே குலம் கேளாது சிறுவரை ஒரு கூரையின்கீழ் வாழச் செய்தல், ஓராண்டு முழுவதும் நிகழ்த்தும் நன்னெறிச் சொற்பொழிவிலும் மேலான பாடமன்றோ? அருகிருந்து உண்பவனைத் தாழ்ந்தவன் என்று எண்ணுதல் ஒரு சிறுவனுக்கு அரிது. ஒன்றாய் உறங்கி ஒன்றாய் எழுவோரிடையே அன்பு தானாய் முளைக்கும். அடிகளார் கட்டியது கட்டடம் மட்டுமன்று, ஒரு குடும்பத்தையுமாகும்.

திருவேட்களத்து இரவுகள்

1931ஆம் ஆண்டு சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தன் முதற் றமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1933ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார். பகலெல்லாம் பல்கலைக்கழக மாணவர்க்குச் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் விரித்துரைத்த பேராசிரியர், மாலை கழிந்த பின் அண்மையிலுள்ள திருவேட்களத்திலே, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் குடியிருப்புக்கு நடந்து சென்றார். அங்குள்ள சிறுவர்க்கு இரவிலே எழுத்தறிவித்தார். அவர் அங்குச் செல்வதை விரும்பாதோர் இருந்தனர். அவ்வெறுப்பு அவர் நடையைத் தடுக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை அடிகளாரின் கருணைக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். யாம் அதனை ஆசிரியர் கண்கொண்டு நோக்குகின்றோம். ஒதுக்கப்பட்ட சிறுவன் ஒருவனுக்கு எழுத்தைக் காட்டிலும் முதலில் வேண்டப்படுவது யாது? தானும் மதிக்கத்தக்க ஓருயிர் என்னும் நம்பிக்கையே. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தன் குடிசையைத் தேடி இருட்டிலே நடந்து வருகின்றார் என்பதைக் கண்ட சிறுவனுக்கு, அந்நம்பிக்கையை ஊட்டத் தனிப் பாடம் வேண்டியதில்லை. அவர் வந்து அமர்தலே பாடம். அதன்பின் அகரம் எழுதக் கை தானாய் நீளும்.

கலையும் உள்ளமும்

அடிகளாரின் நூல்களும் இவ்வழியிலேயே செல்கின்றன. 1926ஆம் ஆண்டு வெளிவந்த மதங்க சூளாமணி, செகப்பிரியரின் நாடகங்கள் பன்னிரண்டை ஆராய்ந்து, நாடகச் சுவைகளைத் தமிழர்க்கு விளக்கிய நூல். நாடகம் என்பது பிறனொருவனின் இன்பதுன்பத்தைத் தன் உடம்பிலே ஏற்று நிற்றல். சிறுவன் ஒருவன் கதையிலே வரும் குருவியாகவோ கிழவியாகவோ நடிக்கும்பொழுது, பிறர் நெஞ்சினுள் நுழையும் வாயிலைத் திறக்கின்றான்.

கல்லடி வாவியிலே நிலவொளி பரந்த இரவுகளில் எழும் இன்னொலியை, மீன்பாடும் ஒலி என்பர் மட்டக்களப்பு மக்கள். அதனைச் செவிமடுத்து, நீரரமகளிர் பாடுவதாக அடிகளார் ஒரு பாடல் புனைந்தார். பழந்தமிழர் யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தார். வாவியின் மெல்லொலியையும் தப்பவிடாத அச்செவி, அழாமலே அழும் சிறுவனின் குரலையும் கேட்கவல்லதாய் இருந்ததில் வியப்பென்ன?

அவர் பாடிய ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று என்னும் பாடலைப் பாடசாலைகளில் நாம் அனைவரும் பயின்றுள்ளோம். இறைவன் வேண்டும் மலர்கள் சோலையிற் பூப்பனவல்ல என்பதும், உள்ளமும் கூப்பிய கைகளும் அன்பொழுகும் கண்களுமே அம்மலர்கள் என்பதும் அப்பாடலின் கருத்து. பத்திப் பாடலாகவே இதனைக் கற்பித்து வந்த யாம், ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அதனுள் ஒரு கல்வித் திட்டமும் அடங்கியிருத்தலைக் கண்டோம். தன் உணர்வை அறியும் உள்ளம், பிறர்க்கு உதவும் கை, பிறர் முகத்தை நோக்கும் கண் என்னும் இம்மூன்றும் பண்பட்டால் ஆரம்பக் கல்வி நிறைவுறும்.

இன்று மேனாட்டார் இதனைத் தனியொரு கல்வித்துறையாகவே வளர்த்துள்ளனர். தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறர் நிலை உணர்தல், உறவு பேணுதல், பொறுப்போடு முடிவு செய்தல் என ஐந்து கூறுகளாக அதனை வகுப்பர். அமெரிக்க நாட்டிலே 1994ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அமைப்பும் தோன்றியது. அவ்வறிஞரின் முயற்சியை யாம் மதிக்கின்றோம். ஆயினும், அவ்வமைப்புத் தோன்றுவதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளின் முன்னரே கல்லடி உப்போடையில் இக்கல்வி நடைபெற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

செட்டிகுளத்து வினா

இனி, முன்னே குறித்த வினாவுக்கு வருவோம்.

வவுனியா மாவட்டத்தின் மேற்கே, மன்னாரை நோக்கிச் செல்லும் வழியில், குளமும் வயலும் காடும் சூழ்ந்தது செட்டிகுளம். 2009ஆம் ஆண்டு, வன்னிப் போரின் முடிவிலே, இலட்சக்கணக்கான மக்கள் இப்பகுதியில் அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம்களுக்குக் கொணரப்பட்டனர். காடு வெட்டிய செம்மண் நிலத்திலே வெண்ணிறக் கூடாரங்கள் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை நின்றன. அக்கூடாரங்களின் நடுவே பாடசாலைகளும் நடந்தன. 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் அம்முகாம் முற்றாக மூடப்பட்டது.

2010ஆம் ஆண்டு இப்பகுதியின் சிறிய பாடசாலையொன்றில் மூன்றாம் வகுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முகாமிலிருந்து வெளிவந்து உறவினர் வீட்டிலே தங்கியிருந்த சிறுவன் ஒருவன் அவ்வகுப்பிலே சேர்ந்தான். இடைவேளையில் வழங்கப்படும் உணவிற் பாதியை உண்டு, மீதியைக் கடதாசியிற் சுற்றிப் புத்தகப்பையினுள் ஒளித்து வைப்பான். சில நாட்களில் அருகிருப்போரின் உணவும் மறையத் தொடங்கியது. யாம் வகுப்பின் முன்னே அவனை நிறுத்தி, பையைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். பூஞ்சணம் பிடித்த சோற்றுருண்டைகள் நிலத்திலே உருண்டன. பிள்ளைகள் சிரித்தனர். அவன் அழவில்லை. அழாதது பிடிவாதம் என்று கருதி மேலும் கண்டித்தோம்.

மறுநாள் அவனுடைய அம்மம்மா வந்தார். எம்மைக் குறைகூறவில்லை. பதுங்குகுழியிலே பசித்துக் கிடந்த நாட்களையும், முகாமிலே உணவுக்காக நின்ற நீண்ட வரிசைகளையும், நாளைக்குக் கிடையாது போகலாம் என்னும் அச்சத்தால் பேரன் தங்கச்சிக்கென்று உணவைச் சேர்த்து வைப்பதையும் அடங்கிய குரலிலே சொன்னார். அந்தத் தங்கச்சி போரிலே இறந்துவிட்டாள் என்பதை இறுதியாகச் சொன்னார்.

நற்சான்றிதழோடு பயிற்சி முடித்த ஆசிரியராகிய எமக்கு அன்று நின்ற இடம் தெரியவில்லை. பிள்ளையின் கையெழுத்தைத் திருத்தத் தெரிந்த எமக்கு, அவன் கை ஏன் உணவை மறைக்கின்றது என்று கேட்கத் தெரியவில்லை. துன்பத்தைக் களவென்று படித்தோம். ஆரம்ப வகுப்பிலே உள்ளத்துக்குக் கல்வி புகட்டுவது எங்ஙனம்? இதுவே செட்டிகுளம் எமக்கு விடுத்த வினா.

அந்நாட்களிலேதான் அடிகளாரின் வரலாற்றை மீண்டும் படித்தோம். உப்போடை இல்லமும் திருவேட்களத்து இரவுகளும் அப்பொழுது புதுப் பொருள் தந்தன. முதலில் எமது இருக்கையை மாற்றினோம். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குச் செல்லாது, பிள்ளைகளோடு நிலத்திலே ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம். உணவு பரிமாறும் பொறுப்பை முறைவைத்துப் பிள்ளைகளுக்கே கொடுத்தோம். அச்சிறுவனின் முறை வந்தபொழுது, அவன் யாவர்க்கும் அளந்து பரிமாறித் தனக்கு இறுதியாக எடுத்துக்கொண்டான். எவர்க்கும் குறையவில்லை என்பதை அவன் கண்களே அன்று கண்டன. பரிமாறும் கைக்கு மறைக்கவேண்டிய தேவை மெல்லமெல்லக் குறைந்தது. முற்றாக நீங்கிற்று என்று சொல்லோம். ஆண்டிறுதியிலும் சில நாட்களில் அவன் பையிலே ஒரு துண்டு பாண் இருக்கும். யாம் அதனைக் கண்டும் காணாதவராய் இருந்தோம்.

இரண்டாவதாக, காலையிலே பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் வட்டமாக அமர்ந்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் மனநிலையை ஒரு சொல்லாற் கூறவேண்டும். கூற விரும்பாதோர் கூறாதிருக்கலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். எம் வகுப்புப் பிள்ளைகளோ நல்லம், கோவம் என்னும் இரண்டு சொற்களையே அறிந்திருந்தனர். நாளடைவிலே பயம், கவலை, வெட்கம், பொறாமை, ஏக்கம் என்னும் சொற்களும் வட்டத்திலே ஒலித்தன. பெயரிடப்பட்ட சினம் கல்லெறியும் கைக்கு இறங்குவது குறைவு என்பதை விளையாட்டு முற்றத்திலே கண்டோம்.

மூன்றாவதாக, சண்டையிட்ட இருவரையும் தண்டிப்பதற்குப் பதிலாக, ஒருவன் மற்றவனாக நின்று நடந்ததை நடித்துக் காட்டுமாறு செய்தோம். பெரும்பாலும் பாதி நடிப்பிலேயே இருவர்க்கும் சிரிப்பு வந்துவிடும். மதங்க சூளாமணி இயற்றியவர் இதனைக் கண்டிருப்பின் உவந்திருப்பார் என்பது எமது நம்பிக்கை.

இவற்றுக்குப் பொருட்செலவு யாதும் இல்லை. நேரம் ஒன்றே வேண்டும். நேரமோ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருக்கின்றது. பத்து நிமிட வட்டத்தை வீண்காலம் என்று கருதிய பெற்றோரும் இருந்தனர். அவர்களுடைய அச்சத்தையும் யாம் குறைவாக மதிக்கவில்லை. யாவற்றையும் இழந்த குடும்பத்துக்குப் பிள்ளையின் புள்ளிகளே எஞ்சிய முதல். ஆயினும், அஞ்சும் பிள்ளையின் காதிலே கணக்கு ஏறாது. ஏங்கும் பிள்ளையின் கண்ணிலே எழுத்து நில்லாது. உள்ளம் அமைதியுற்ற பின்னரே அறிவு வந்து குடியேறும். பெற்றோரிற் பலர் இதனைக் காலப்போக்கிலே உணர்ந்தனர்.

இறுதி நாட்கள்

அடிகளார் 1939ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி சென்று பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராக விளங்கினார். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியர் ஆயினார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டு சூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. உடல் நலிந்த நிலையிலும் அவ்விழாவிற் கலந்துகொண்டு ஈழம் மீண்டவர், அவ்வாண்டு சூலை 19ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் திருமேனி கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டு செல்லப்பட்டு, சிவானந்த வித்தியாலயத்தின் முன்றிலிலே ஒரு மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டது. பல்கலைக்கழகங்கள் போற்றிய பேரறிஞர் துயிலும் இடம், பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் ஓடியாடும் முற்றமாகும். அவர் வாழ்க்கைக்கு இதனினும் பொருந்திய முடிவு வேறில்லை.

அன்று முகாம்களிலே வளர்ந்த சிறுவர் இன்று தாயரும் தந்தையருமாய்த் தம் பிள்ளைகளின் கைபிடித்து எம் வகுப்பறை வாயிலிலே வந்து நிற்கின்றனர். அவர்தம் பேசாத துயரிற் சிறிது அப்பிள்ளைகளின் கண்களிலும் உண்டு. இம்மலரைக் கையேந்தும் பழைய மாணவர்களில் ஆசிரியரும் உளர், பெற்றோரும் உளர், ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் எழுப்பித்தர வல்ல செல்வரும் உளர். அவர்கள் யாவரிடத்தும் எமது வேண்டுகோள் ஒன்றே. அடிகளாருக்குச் சிலை நாட்டுவோம், விழா எடுப்போம். அதனோடு, ஊர்ப் பாடசாலையின் முதலாம் வகுப்புக்கு ஒருநாள் சென்று, பிள்ளைகளோடு நிலத்திலே அமர்ந்து, ஒரு நேரம் உண்போம். அவர்கள் சொல்வதைக் கேட்போம். அடிகளார் உவக்கும் மலர் அதுவே.